கல் வீட்டுக்கு அனெஸீனா அடித்த வெள்ளை

எங்கள் கிரேக்கத் தீவின் கலோத்தாரி விரிகுடாவில் இருக்கும் அந்தக் கல் வீட்டுக்கு அனெஸீனா வெள்ளையடித்து முடித்த அன்று, எகிப்துக் கரையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குக் கண் கூசியது. சரி, எகிப்து கொஞ்சம் அதிகம்தான். பக்கத்துத் தீவுக்காரர்களுக்குக் கூசியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தால்தான். ஆனால் ஒரு மீன் படகு அந்த வெளிச்சத்தில் திசை தவறியது சத்தியம். படகோட்டி நிக்கீத்தாஸ் மட்டும் அதற்கு வெளிச்சம் காரணமில்லை, அரை லிட்டர் ஒயின்தான் காரணம் என்கிறான். சொந்த வாயாலேயே தன் மானத்தை வாங்கிக்கொள்கிறவனை என்ன செய்வது?

அந்த வெள்ளையால் அனெஸீனாவின் வேலை போகப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அனெஸீனா என் பக்கத்து வீட்டுக்காரி, என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். அவள் அப்பாவுக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மலைப்பக்கம் இருந்த திராட்சைத் தோட்டத்தையும் வாற்கோதுமை நிலத்தையும் மகன்களுக்கு எழுதினார். கடலோரத்துப் பாறை எவருக்கும் வேண்டாததாகக் கிடந்தது, அதை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தார். அங்கே விளைவது முள்ளும் உப்பும். ஆடுகூட மேய்ந்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வரும். பிறகு ஒருநாள் ஏதென்ஸிலிருந்து அரிஸ்தீதிஸ் வந்தார். லிஃப்ட் செய்து விற்கிறவர், பாதி ஏதென்ஸை ஏற்றி இறக்குகிறவர். பாறைமேல் நின்று கடலை ஒரு மணி நேரம் பார்த்தார், வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தில் அனெஸீனா வீட்டுக்குக் கூரை மாற்றினாள், கணவனுக்குப் பல் கட்டினாள், மகளை நர்ஸ் படிப்புக்கு அனுப்பினாள். அண்ணன்கள் இரண்டு பேரும் இரண்டு வருடம் அவளுக்கு ஈஸ்டர் வாழ்த்துகூடச் சொல்லவில்லை.

பாறைமேல் வீடு எழும்பியது. அரிஸ்தீதிஸின் ஒரே மகள் தனாயி கட்டடக் கலை படித்தவள், அவள் போட்ட வரைபடம். ஆறு படுக்கையறை, கடலுக்குள் வழிந்துவிடும்போல் விளிம்பில்லாத ஒரு நீச்சல் குளம், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கண்ணாடிக் கதவு. சுவரெல்லாம் அந்த விரிகுடாவின் சாம்பல் நிறக் கல், பூச்சே கிடையாது. கடலிலிருந்து பார்த்தால் அங்கே ஒரு வீடு இருப்பதே தெரியக் கூடாது என்பது அவள் எண்ணம். உண்மையிலேயே தெரியாது. கோடையில் அங்கே ஒரு வாரம் தங்க வெளிநாட்டார் என்ன கொடுக்கிறார்கள் என்று சொன்னால் நான் அளக்கிறேன் என்பீர்கள், அதனால் சொல்லவில்லை.

வீடு முடிந்த வருடம்தான் அனெஸீனாவின் கணவர் இறந்தார். அரிஸ்தீதிஸ் சாவியை அவளிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மற்ற மாளிகைக்காரர்கள் அக்டோபர் வந்ததும் வேலைக்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இவர் மட்டும் குளிர்காலத்திலும் சம்பளம் கொடுத்தார். ஜன்னல்களைத் திறந்து காற்றாட விட வேண்டும், தெற்குக் காற்று கொண்டுவரும் மண்ணைப் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலை இல்லாமல் இருந்திருந்தால் முதல் குளிர்காலத்திலேயே அவள் காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்து உருகிப் போயிருப்பாள். கறுப்பு உடையோடு காலையில் விரிகுடாவுக்கு இறங்கிப் போவாள், சாயங்காலம் திரும்பும்போது முகத்தில் கொஞ்சம் களை திரும்பியிருக்கும். நான் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

எங்கள் தீவில் ஈஸ்டருக்கு முந்திய வாரம் வெள்ளையடிக்காத வீடு என்றால் அது சாவு வீடு. அனெஸீனாவின் வீடும் மூன்று வருடம் அப்படிக் கிடந்தது. நான்காவது ஈஸ்டருக்கு நானே சுண்ணாம்பு வாளியோடு போய் அவள் கதவைத் தட்டினேன்.

இந்த வருடம் தவக்காலத்தில் அரிஸ்தீதிஸுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பிழைத்துக்கொண்டார். ஈஸ்டர் கழிந்த மூன்றாவது வாரம் உடம்பு தேற்றிக்கொள்ள இங்கே வருகிறார் என்று தகவல் வந்தது. அந்த நேரத்தில்தான் ரொட்டிக் கடையில் கடைக்காரி பொலிக்ஸேனி வாயைத் திறந்தாள்.

"அரிஸ்தீதிஸ் போய்ட்டாராமே? கடவுள் அவரை மன்னிக்கட்டும்."

"உன் நாக்குல கொப்புளம் வர!" என்றாள் அனெஸீனா. "நேத்துதான் போன்ல பேசினாரு. ஆஸ்பத்திரி சூப்புல உப்பே இல்லன்னு திட்டிக்கிட்டிருக்காரு."

"அப்ப ஏன் வீட்டுக்கு வெள்ளையடிக்கல? ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க."

"அது கல்லு, பொலிக்ஸேனி. ஸ்டைலு."

"ஆறு வருஷமா ஸ்டைலா? எங்க மாமியார் வீட்டுல அதுக்கு சோம்பேறித்தனம்னு பேரு. சரி, நான் கோதுமைய வேற ஊறப்போட்டுட்டேன்."

செத்தவர்கள் பேரில் வேகவைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோகும் கோதுமை அது. நான் சிரித்தேன். அனெஸீனா சிரிக்கவில்லை. ரொட்டியை வாங்காமலேயே வெளியே வந்தாள்.

"ஆறு வருஷமா அந்த வீடு அப்படியே நிக்குதுக்கா. அதான் அவரு நெஞ்சுல வந்து உக்காந்திருக்கு. ஆபரேஷன் பண்ணிட்டு வர்ற மனுஷன் சாவு வீட்டுக்குள்ளயா நுழையணும்?"

நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் மூடநம்பிக்கையை விரட்டியவள் நான். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது என்னவோ தூ, தூ, தூ என்று மூன்று முறை துப்பல்தான்.

திங்கட்கிழமை ஆரம்பித்தாள். என் கொல்லைக் குழியில் ஊறிக் கிடந்த சுண்ணாம்பு, பிடிப்புக்கு ஒரு கை உப்பு, பளிச்சென்று இருக்க ஒரு சிட்டிகை நீலம். நாணல் கழியின் நுனியில் வெள்ளையடிக்கும் மட்டையைக் கட்டிக்கொண்டு மூன்று நாள், மூன்று பூச்சு. நானும் கூடவே நின்று அடித்தேன் என்று எழுதத்தான் ஆசை. நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அங்க விட்டுப்போச்சு, இங்க விட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு வேலைதான்.

வியாழக்கிழமை தனாயி வந்தாள். சனிக்கிழமை அப்பா வருவதற்குள் வீட்டைத் தயார் செய்ய வந்தவள், வாசலில் பெட்டியைக் கீழே வைத்தாள், தானும் அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அனெஸீனாக்கா, என்ன பண்ணிட்டீங்க?"

"வெள்ளையடிச்சேன்மா."

"யாரைக் கேட்டு அடிச்சீங்க?"

"வெள்ளையடிக்க யாரைக் கேக்கணும்?"

தனாயி கெட்ட பெண் இல்லை. அந்தக் கல் ஒவ்வொன்றையும் வெயிலில் நின்று அவளே பொறுக்கினாள், எனக்குத் தெரியும். அவள் கை சுவரைத் தடவியது, உள்ளங்கை வெள்ளையானது. அனெஸீனா காரணத்தைச் சொன்னாள். தனாயி பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் கேட்டுமுடித்தாள்.

"அப்பாவுக்கு வால்வு மாத்தினது டாக்டர்க்கா. சுண்ணாம்பு இல்ல."

"டாக்டர் அவரு வேலைய முடிச்சாரு. நான் என் வேலைய முடிச்சேன்."

"ஜூன்ல வர்றவங்க கல்லு வீட்டுப் படத்தைப் பார்த்துட்டு வர்றாங்க. நான் என்ன பதில் சொல்றது? சனிக்கிழமை அப்பா வர்றதுக்குள்ள இந்தச் சுவத்துல கல்லு தெரியணும். வினிகர் ஊத்தித் தேச்சா போயிடும். முடியாதுன்னா சாவிய மேசைமேல வெச்சுட்டுப் போயிடுங்க."

அனெஸீனா கொத்தனிடம் போனாள். அவன் புருவத்தை உயர்த்தி, "ட்ச்" என்றான். எங்கள் ஊரில் அதற்குமேல் வேறு 'முடியாது' கிடையாது. "உசுரோட இருக்கிற மனுஷன் வீட்டு வெள்ளைய சுரண்டறதா? எனக்கு மூணு புள்ளைங்க இருக்கு" என்று கதவைச் சாத்தினான். கோடையில் அந்த வீட்டில் துணி துவைக்க வரும் இரண்டு பெண்களும் சிலுவை போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

வெள்ளிக்கிழமை அவளே ஒரு கேன் வினிகரோடு இறங்கிப் போனாள். விரிகுடா முழுக்க சாலட் வாசனை. மலையிலிருந்த ஆடுகளெல்லாம் வெள்ளரிக்காய் எங்கே என்று கேட்டபடி இறங்கி வந்தன. கேட்கவில்லை, ஆனால் வந்தன. மட்டையை நனைத்து ஒரு கை அகலம் தேய்த்தாள். சுண்ணாம்பு புஸ்ஸென்று நுரைத்து வழிந்தது. உள்ளிருந்து சாம்பல் நிறக் கல் எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தண்ணீர் விட்டுக் கழுவினாள், வாளியின் அடியில் மிச்சமிருந்த சுண்ணாம்பை வழித்து அந்த இடத்தில் மறுபடி பூசினாள். சமையலறைக்குப் போய்ச் சாவியை மேசைமேல் வைத்தாள். மேலே ஏறி வந்துவிட்டாள்.

நான் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "உனக்குப் புத்தி இருக்கா? சுவத்தைச் சுரண்டினா வேலை தப்பிக்கும். குளிர்காலம் பூரா என்னடி பண்ணுவ?"

"சுரண்டிட்டேன்னு வை. அப்புறம் அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்ப நீ போய்ச் சுரண்டுக்கா. கேன் அங்கதான் இருக்கு."

நான் போகவில்லை.

சனிக்கிழமை எனக்குத் துறைமுகத்தில் மருந்து வாங்க வேண்டியிருந்தது. மருந்து வீட்டில் நிறைய இருந்தது, ஆனாலும் வாங்க வேண்டியிருந்தது. ஏதென்ஸ் கப்பல் வந்தது. மலைப்பாதையில் கார் குலுக்கும் என்பதால் அரிஸ்தீதிஸை எப்போதும்போல் நிக்கீத்தாஸின் படகில் கூட்டிப்போகத் தனாயி ஏற்பாடு செய்திருந்தாள். நானும் ஏறிக்கொண்டேன். மனிதர் பாதியாக இளைத்திருந்தார், கோட்டு மட்டும் பழைய அளவில் இருந்தது. தனாயி அவர் கையைப் பிடித்தபடி வந்தாள்.

முனையைத் தாண்டினால் விரிகுடா. வழக்கமாக அந்த இடத்தில் அவர், "நிக்கீத்தா, நம்ம வீடு எதுப்பா?" என்று கேட்டுச் சிரிப்பார். நிக்கீத்தாஸ் கை காட்டுவான். ஆறு வருடமாக இதே வேடிக்கை. அன்றைக்கு அவர் கேட்கவில்லை. தடியைத் தூக்கி நீட்டினார்.

"அதோ. நம்ம வீடு."

நிக்கீத்தாஸ் எஞ்சினைக் குறைத்தான்.

"அப்பா, அது தப்பா நடந்துபோச்சு. எடுத்துடலாம்" என்றாள் தனாயி.

"எதை?"

"அந்த வெள்ளைய."

"ஏம்மா, எந்த மாடின்னு எழுதாத லிஃப்ட்ல யாராவது இறங்குவாங்களா? ஆறு வருஷமா நான் எங்க இறங்கறதுன்னு தெரியாமதானே இந்தப் பையனைக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

"நீங்க சிரிச்சுக்கிட்டே கேப்பீங்களேப்பா!"

"பின்ன? அழுதுகிட்டேவா கேப்பேன்? நீ அவ்வளவு ஆசையா கட்டினது."

தனாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படகு கரை தொடும்வரை அவள் கடலைத்தான் பார்த்தாள். எனக்கு அவள்மேல்கூட இரக்கம் வந்தது. அப்பா தன் வீட்டைக் கண்ணால் கண்டுபிடித்த முதல் நாள், அது அவள் கட்டிய வீடாக இல்லை.

கரையில் கயிறு கட்டும் கல்மேல் அவர் உட்கார்ந்தார். "அனெஸீனா எங்க?"

"நான்தான் போகச் சொன்னேன்" என்றாள் தனாயி.

"வெள்ளையடிச்சதுக்கா?"

"ஆமா."

"அப்ப நான் இங்கயே இருக்கேன். அவ வரட்டும்."

அனெஸீனாவைக் கூட்டிவர நான் நானூற்றுப் பன்னிரண்டு படி ஏறினேன். படி பன்னிரண்டுதான், மிச்சம் என் மூட்டுவலி. பிறகு ஒரு ஒற்றையடிப் பாதையும் உண்டு. அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவாமல் என்னை முந்திக்கொண்டு இறங்கினாள்.

"ஒரு காபி போடு" என்றார் அவர், அவளைப் பார்த்ததும்.

"டாக்டர் காபி கூடாதுன்னாராம்ல?"

"பாத்தியா தனாயி? இவளும் டாக்டர் பேச்சைக் கேக்கறவதான்."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு படியும் ஏறினார். சுவர் வெள்ளையாகவே நின்றது. ஜூனில் வந்தவர்கள் அதன் முன்னால் நின்று ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டார்கள், தனாயிக்கு ஒரு புகார்க் கடிதமும் வரவில்லை. அவள் இன்னும் அதை 'அந்தச் சுண்ணாம்பு' என்றுதான் சொல்கிறாள். பொலிக்ஸேனி ஊறப்போட்ட கோதுமையைக் கோழிக்குப் போட்டாள்.

சாவியைப் பற்றி எழுதவில்லையே. சமையலறைக்குள் போனதும் பெரியவர் மேசையிலிருந்த சாவியை எடுத்தார், இரண்டு கையாலும் அனெஸீனாவின் மாவுக் கையில் வைத்தார், "இது உன்னோட வீடும்தான்" என்றார். தனாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த இடம்வரை எழுதி, எதிரே அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த அனெஸீனாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் புருவத்தை உயர்த்தினாள்.

"ட்ச். யாரு, அவரா? படி ஏறின களைப்புல நேரா போய்ப் படுத்துட்டாரு. தனாயி ரெண்டு நாள் எங்கூட பேசவேயில்ல. சாவி மேசைமேலயே கிடந்துச்சுக்கா. திங்கக்கிழமை மேசைய துடைக்கும்போது நான்தான் எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். யாரும் ஒண்ணும் கேக்கல."