செனானுக்கு எடுத்த விழா

ஹெல்சிங்கியில் ஐமோ ரூஹனென் என்றொரு வேதியியலாளர் இருந்தார். எதோடும் சேராது என்று பாடப்புத்தகங்கள் சத்தியம் செய்த வாயுக்களை வேறு அணுக்களோடு சேர்த்துவைப்பது அவர் தொழில். அவரோ, லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரர் ஏறினால் இறங்கிப் படியில் போகிற ஆள்.

ஒரு நவம்பரில் அவருக்குப் புதிதாக ஒன்று அகப்பட்டது. அந்த வாயுக்களில் ஒன்றான செனானின் அணு ஒன்று இருபுறமும் ஒவ்வொரு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு நீர் மூலக்கூறையும் ஒட்டவைத்துக்கொண்டு நின்றது. நின்ற இடம், குளிரூட்டும் எந்திரத்துக்குள் பொத்தான் அளவு சாளரத்தில் உறைந்து படிந்த செனான் பனிக்குள். பூஜ்ஜியத்துக்குக் கீழே இருநூற்று அறுபது டிகிரியில். கண்ணால் பார்க்க முடியாது. அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், திரையில் ஓடும் கோட்டில் சின்னதாய் ஒரு முள் எழும். அந்த முள்தான் சாட்சி. சந்தேகம் தீர, தண்ணீருக்குப் பதில் எடை கூடிய ஹைட்ரஜன் உள்ள கனநீரைப் போட்டுப் பார்த்தார். கணக்கு சொன்ன இடத்துக்கு முள் நகர்ந்தது. ஐமோ "ம்" என்றார். அதற்குமேல் அவர் ஆரவாரித்து யாரும் கேட்டதில்லை.

செய்தி கசிந்ததும் அவர் வேலைசெய்த ஆய்வு நிலையத்தின் விளம்பர அதிகாரி மார்கெட்டா ஓடிவந்தாள்.

"ஐமோ, இது எதுக்குப் பயன்படும்?"

"ஒண்ணுக்கும் ஆகாது."

"புற்றுநோய்க்கு?"

"ஆகாது."

"பேட்டரிக்காவது?"

"வெளிய எடுத்தா செத்துடும் மார்கெட்டா. வெயில் வேணாம், இந்த ரூம் சூடே போதும்."

அவள் குறித்துக்கொண்டு போனாள். மறுநாள் அறிக்கை வந்தது: 'மருத்துவத்துக்கும் மின்கலத்துக்கும் புதிய வாசல்.'

அடுத்து வந்தவர் நிலையத் தலைவர் ஸ்டிக் நூர்ட்லிங். ஐமோவோடு ஒரே வகுப்பில் படித்தவர்; பரிசோதனைச் சாலையை விட்டு மேலே போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

"அமைச்சகத்துல இருந்து வர்றாங்கப்பா. அதை ஒரு கண்ணாடிக் குடுவையில போட்டு முன்வாசல்ல வச்சிடலாமா?"

"குடுவையில வச்சா காலிக் குடுவை மாதிரிதான் இருக்கும். காலியாவும் இருக்கும்."

"நீல விளக்கு போட்டுக்கலாம்."

"ஸ்டிக், நீயும் வேதியியல் படிச்சவன்தானே?"

"அதனாலதான் நீலம்ங்கறேன். சிவப்புன்னா சூடுன்னு நினைச்சுப்பாங்க."

கடைசியில் விருந்தாளிகளை ஐமோவின் அறைக்கே அழைத்து வருவதென்று முடிவாயிற்று. ஐமோ இருக்கிற ஒரே நல்ல சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார்.

அன்று அந்தச் சின்ன அறைக்குள் ஒரு கூட்டமே நெருக்கியடித்தது. காபி இல்லாமல் அந்த ஊரில் சவ அடக்கம்கூட நடக்காது. மார்கெட்டா பெரிய காபி மெஷினையும் ஏலக்காய் ரொட்டித் தட்டையும் உள்ளே கொண்டுவந்து, கையில் அகப்பட்ட முதல் பிளக்கில் மெஷினைச் செருகினாள். குளிரூட்டும் எந்திரம் ஓடியதும் அதே இணைப்பில்தான். படக்கென்று ஃபியூஸ் போயிற்று. எந்திரத்தின் இரைச்சல் அடங்கியது.

"அப்பாடா, இப்பதான் பேச்சு காதுல விழுது" என்றார் ஸ்டிக். காலத்தால் அழியாத சாதனை என்று உரையைத் தொடங்கினார்.

திரை வேறு இணைப்பில் இருந்ததால் அணையவில்லை. ஐமோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஃபியூஸ் பெட்டிக்குப் போகப் பார்த்தார். நடுவில் அமைச்சகத்தின் முழங்கைகள், சூடான கோப்பைகள். "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று அவர் சொல்வது யார் காதிலும் ஏறவில்லை. அதற்குள் முள் குனிந்தது, குட்டையானது, கோட்டோடு கோடாய்ப் படுத்துவிட்டது. சாளரத்துப் பனியும் ஆவியாகிப் போனது.

ஏதோ நடந்துவிட்டதென்று எல்லோருக்கும் புரிந்தது. பலமாகக் கைதட்டினார்கள்.

ஐமோவின் காது சிவந்தது. "நீங்க கைதட்டினது அதோட சாவுக்கு" என்றார்.

ஸ்டிக் சிரித்து மழுப்பினார்: "எங்க ஐமோவுக்கு நகைச்சுவை உணர்ச்சி ஜாஸ்தி." உடனே எல்லோரும் நிம்மதியாகச் சிரித்தார்கள். சிரிக்காதவர் அமைச்சகத்து ஹெல்வி ஆசிகைனென் ஒருவர்தான். அந்த அம்மாள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"மறுபடி செய்ய முடியுமா?"

"முடியும். காபி வேற ரூம்ல குடிச்சா."

விழா மாபெரும் வெற்றி என்று தீர்மானிக்கப்பட்டது. காபி மெஷினுக்குத் தனி மின் இணைப்பு வந்தது. முன்வாசலில் மூலக்கூறின் வெண்கலச் சிலை எழுந்தது. அணுக்கள் நேர்கோட்டில் நிற்பது பார்க்க அழகாயில்லை என்று சிற்பி மூன்று அணுக்களையும் முக்கோணமாக வளைத்திருந்தார். ஐமோ ஆட்சேபித்தார். அது கலைச் சுதந்திரம் என்று பதில் வந்தது.

பனி இறுகிய ஜனவரியில் ஐமோ மறுபடி செனானை உறையவைத்தார். முள் எழுந்த அன்று, யோசித்து யோசித்து ஹெல்விக்குப் போன் செய்தார். அந்த அம்மாள் டிராமில் தனியாக வந்தார், மேல்கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு திரைமுன் உட்கார்ந்தார்.

"இதுதானா?"

"இதுதான்."

"ரொம்பச் சின்னதா இருக்கே."

"ஆமா."

ஹெல்வி அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்திரம் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. ஐமோவுக்கு அது நன்றாக இருந்தது. அந்த வருகை மார்கெட்டாவின் ஆண்டறிக்கையில் ஏறவில்லை. படமெடுக்க அங்கே யாரும் இல்லை.