கொலுவில் ஒரு ஷாக் பெட்டி

அந்தப் பெட்டியைப் பார்த்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்தது. உள்ளே ஒரே ஒரு டார்ச் பாட்டரி, ஒரு கம்பிச் சுருள், காலிங் பெல்லில் துடிக்குமே அந்த மாதிரி ஒரு தகடு. வெளியே இரண்டு பித்தளைக் குழாய்கள் தொங்கும்.

செய்தவர் எங்கள் மாட்டுங்கா கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தங்கியிருந்தவர். குர்லாவில் ஒரு ஒர்க் ஷாப்பில் மோட்டார்களுக்குக் காயில் சுற்றும் வேலை. நவராத்திரிக்கு எங்கள் கொலுவில் லைட் போட வந்தவர், "மாமி, வர்றவாளுக்கு ஒரு வேடிக்கை காட்டட்டுமா?" என்று அம்மாவிடம் கேட்டு, பெட்டியைப் படிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இத்தனூண்டு பாட்டரியா ஷாக் அடிக்கும்? போடாப்பா!" என்றாள் அம்மா.

"கரெண்ட் சும்மா ஓடிண்டிருந்தா ஒண்ணும் பண்ணாது மாமி. இந்தத் தகடு அதை வெட்டி வெட்டி விடறது. ஒவ்வொரு தரம் வெட்டறச்சேயும் காயில்ல ஒரு உதறல். நூத்துக்கணக்குல வோல்ட் ஏறிடும். ஆனா பலம் கிடையாது, சும்மா குதிக்க வைக்கும், அவ்வளவுதான்."

எல்லோரும் கைகோர்த்து வட்டமாக நிற்க வேண்டும். ஒரு கோடியில் இருப்பவர் ஒரு குழாயையும் மறுகோடியில் இருப்பவர் மற்றதையும் பிடித்தால் போதும். டர்ர்ர் என்று பெட்டி இரைந்ததும் அத்தனை பேர் கையிலும் சுரீரென்று ஏறும். மாமிகள் குதித்த குதி இருக்கிறதே! சுண்டல் வாங்கிப் போனவர்கள் ஷாக் வாங்கத் திரும்பி வந்தார்கள்.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் நிற்பார்கள். ஆனால் நடுவில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் கையைப் பிடித்தே ஆக வேண்டுமே! அதற்கும் அம்மா வழி கண்டுபிடித்தாள். பித்தளைக் கரண்டி. ஒரு முனை அவன் கையில், மறுமுனை இவள் கையில். எப்படியோ தினமும் ஆண்கள் வரிசையின் கடைசியில் அவர் வந்து நிற்பார், பெண்கள் வரிசையின் கடைசியில் நான். எப்படியோ என்ன எப்படியோ! பக்கத்து வீட்டு மாமியை முழங்கையால் தள்ளிவிட்டு அல்லவா நின்றேன்.

அவர் உடம்பு வழியாக வந்த கரெண்ட்தானே என் கைக்கு வருகிறது என்று நினைத்தாலே எனக்குக் காது சுட்டுப்போகும். ஒரே ஒரு தரம், கரண்டி இல்லாமல் அந்தக் கையைப் பிடித்துவிட மாட்டோமா என்று அப்படி ஏங்கினேன். சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள், நாக்பூரில் வேலை கிடைத்திருப்பதாகவும் பூஜை முடிந்ததும் ரயில் ஏறுவதாகவும் அம்மாவிடம் சொன்னார். நான் குத்துவிளக்குக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசிச் சாயங்காலம் வட்டம் கூடிவிட்டது. கரண்டியைக் காணோம். அது அடுக்களையில் சுண்டலில் கிடந்தது. அவர் மெதுவாகக் கையை நீட்டினார். ஐயோ, நீட்டினாரே! நானும் நீட்டினேன். அதற்குள் "இருடி, இருடி" என்று அம்மா ஓடிவந்து, மோர் கடையும் மத்தை இரண்டு கைகளுக்கும் நடுவில் செருகிவிட்டு, என் மறுகையைப் பிடித்துக்கொண்டாள்.

பெட்டி டர்ர்ர் என்றது. மத்தின் அந்தக் கோடியை அவர் இறுகப் பிடித்தார். "ஆ!" என்று நானும் அவரும் ஒன்றாகக் கத்தினோம்.

வேறு யாரும் கத்தவில்லை.

"எனக்கு ஒண்ணுமே அடிக்கலையேடி" என்றாள் அம்மா, என்னையே பார்த்துக்கொண்டு.

"பாட்டரி தீர்ந்துபோச்சு மாமி" என்று அவர் பெட்டியை மூடினார். நாக்பூர் போனவர் போனவர்தான்.

பிறகு கல்யாணமாகிச் செம்பூருக்கு வந்தேன். ஒரு மழைக்காலத்தில், நான் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது சுவிட்ச் போர்டில் பொறி பறந்தது. என் வீட்டுக்காரர் சப்பாத்திக் கட்டையை எடுத்து அதைத் தட்டி அணைக்கப் போனார். நான் அலறினேன்.

"அரே, காஞ்ச கட்டைல கரெண்ட் பாயாதுடி! இதுகூடத் தெரியாதா நோக்கு?"

மாவுக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன். எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் அன்றைக்கு அந்த மர மத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். காயில் சுற்றுகிறவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?