கம்ப்யூட்டர் செருப்பு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு எப்போதும் கிடக்கும். நீல வார். அதைப் போட்டுக்கொண்டு யாரும் தெருவுக்குப் போகக் கூடாது. கம்ப்யூட்டரைத் தொடுகிறவர் மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்தான்.

கம்ப்யூட்டரை என் நாத்தனார் பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்தார். அதன் பிளக் அந்த நாட்டுப் பிளக். உருண்டையாக இரண்டு கால்கள் இருக்கும். எர்த்துக்கு மூன்றாவது கால் கிடையாது, ஒரு துளை மட்டும்தான். பிரான்ஸில் சுவர் சாக்கெட்டிலிருந்தே ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அது இந்தத் துளைக்குள் போய் உட்காரும். புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வாடகை வீட்டுச் சுவரில் ஏது அந்தக் கம்பி? கீழே உள்ள இரண்டு ஓட்டைகளில் பிளக்கை அழுத்தினால் கம்ப்யூட்டர் ஓடும், எர்த் மட்டும் சேராது. பெட்டியின் தகரத்தைத் தொட்டால் எறும்பு கடித்ததுபோல் விரலில் சுருக்கென்று இருக்கும். பிள்ளைகள் "கடிக்குது" என்றார்கள். செருப்பு போட்டுத் தொட்டால் கடிக்கவில்லை. அத்தோடு விட்டுவிட்டேன்.

விவரம் தெரியாமல் செய்தேன் என்றால்கூடத் தேவலை. நான் இயற்பியல் பட்டதாரி. உழவர்கரையில், கையால் செய்த காகிதத்தில் மேசை விளக்குகள் தயாரித்து பிரான்ஸுக்கு அனுப்பும் சின்னக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. விளக்குகளின் பவர் கார்டுகளைப் பார்த்து அனுப்புவதுதான் அந்த வேலை. பிளக்கில் அந்த நாட்டு அங்கீகார முத்திரை இருக்கிறதா, கார்டை இழுத்தால் கழன்று வருகிறதா, பிளக்கின் எர்த்துக்கும் விளக்கின் இரும்புத் தண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்போம். எர்த் சரியில்லாத விளக்கை எத்தனை அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவேன். "எங்கியோ ஒரு வீட்ல ஒரு கொழந்த இதத் தொடும்" என்று சோதனை மேசையிலிருக்கும் பெண்களிடம் அடிக்கடி சொல்வேன். சொல்லும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வரும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை, மகள் விளக்குகளைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்ததால் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். தம்பி அவளைவிட இரண்டு வயது சின்னவன். அவன் அப்பாவோடு வீட்டில் இருந்தான். அன்றைக்கென்று சரக்கு வாங்குகிறவர்கள் அனுப்பிய இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு அங்கேயே இருப்பவர். நம் தமிழ்தான் பேசுவார். எல்லோரும் அவரை பிரெஞ்சு வழக்கப்படி முசியே என்று கூப்பிட்டார்கள்.

காகிதத்தில் மண் ஒட்டிவிடும் என்பதால் சோதனை அறைக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு வருவது வழக்கம். மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கழட்டிட்டு வா பாப்பா" என்றார் சோதனை மேசையில் இருந்த அக்கா.

"மாட்டேன். உள்ள கரண்ட் சாமான் இருக்கு."

முசியே நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா ஒனக்கு இதெல்லாம் சொன்னது?"

"எங்கம்மா. எங்க வீட்டு கம்ப்யூட்டர் கடிக்கும். அத்த பிரான்ஸ்லேர்ந்து எடுத்தாந்தது. செருப்பு போட்டா கடிக்காது."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. அந்த அக்காதான் சிரித்து நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "எங்க ஊட்ல ஃப்ரிட்ஜு கடிக்கும் பாப்பா. எங்க மாமியார மட்டும் செருப்பு இல்லாம தொறக்க வுடுவேன்."

அறையே சிரித்தது. முசியேவும் சிரித்தார். கையிலிருந்த விளக்கை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அப்ப ஏன் மதாம் இவ்ளோ கஷ்டப்படறோம்? டப்பாக்குள்ள ஒரு ஜோடி செருப்பு வச்சு அனுப்பிடலாமே."

நானும் சிரித்தேன். காது இரண்டும் எரிந்தன. அவர் சொன்னதில் கோபம் இல்லை.

"ஊட்ல ஆளுக்கு ஒரு ஜோடியா?" என்று அக்கா கேட்டார்.

"இல்ல, ஒண்ணுதான். நானும் தம்பியும் மாத்தி மாத்திப் போட்டுப்போம்."

அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். நீல வார். மின்சாரச் சாமான்கள் இருக்கும் இடத்துக்குப் போகிறோம் என்று நினைத்து, மேசைக்கடியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். காலையில் கிளம்பும் அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. சனிக்கிழமை கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஆடலாம் என்று மகனுக்கு நான்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும் அறைத் தரை இரண்டு நாளாக ஈரமாக இருந்தது.

வீட்டுக்கு போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மகளை அக்காவிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வழியில் என்ன பார்த்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. சுருக்கென்று கடிப்பது கசிவு, அது ஆளைக் கொல்லாது. பெட்டிக்குள் ஒரு ஒயர் தோல் உரிந்து தகரத்தில் பட்டால் அன்று கொல்லும். அந்த ஒரு நாளுக்காகத்தான் எர்த். மற்றவர்களுக்கு நான் சொல்லும் பாடம் இது. அதையே எனக்குள் ஒப்பித்துக்கொண்டு போனேன்.

கதவு திறந்திருந்தது. மழை விட்டதென்று கணவர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மகன் நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்து காரை ஓட்டிக்கொண்டிருந்தான்.

சுவர் சுவிட்சை அணைத்தேன்.

"அம்மா, ஜெயிக்கப் போனேன்."

"ஏண்டா போன எடுக்கல?"

"ரேஸ்ல இருந்தேன்." பிறகு, என் முகத்தைப் பார்த்து, தான் செய்தது சரிதான் என்று காட்டுவதுபோல் சொன்னான்: "செருப்ப அக்கா போட்டுட்டுப் போயிட்டா. மொதல்ல ரெண்டு வாட்டி கடிச்சுது. அப்புறம் கால மேல வச்சிக்கினேன். கடிக்கல."

பிளக்கைப் பிடுங்கினேன். அவனை மடியில் இழுத்து விரல்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பென்சில் கறை மட்டும் இருந்தது.

அன்று மாலையே, மகளைக் கூட்டிவரும் வழியில், மூன்று கால் பிளக் வைத்த கார்டு ஒன்றைக் கடையில் வாங்கினேன். எந்தக் கடையிலும் கிடைப்பதுதான். எலக்ட்ரீஷியனை அழைத்து அந்தச் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இருந்தது. நாங்கள் குடிவந்த நாளிலிருந்தே இருந்திருக்கிறது. புதுக் கார்டை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன்.

"இனிமே செருப்பு வேணாம், கடிக்காது" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். இருவரும் அசையவில்லை.

"நீ தொடு மொதல்ல" என்றான் மகன்.

பழக்கத்தில் போட்டிருந்த நீல வார்ச் செருப்பைக் கழற்றினேன். தரை இன்னும் சில்லென்றிருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும், கார்டை நானே சோதித்திருந்தேன். ஆனாலும் கை பாதியில் நின்றது. அத்தனை மாதத்தில் வெறுங்காலோடு நான் அதை ஒரு முறைகூடத் தொட்டதில்லை. பிள்ளைகள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்றதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். பிறகுதான் தொட்டேன்.