கண்மாய் வேலைக்குப் போன சகாபுதீன்

சகாபுதீன் சவுதியில், தம்மாமில் ஒரு சரக்குக் கிடங்கில் பல வருடம் வேலை பார்த்தவர். கொரோனா வந்து உலகமெங்கும் வியாபாரம் படுத்தபோது கம்பெனி ஆட்களைக் குறைத்தது. கிடைத்த விமானத்தில் ஏறி, திருச்சுழிப் பக்கத்திலிருந்த தன் ஊருக்கு வந்து சேர்ந்தார். அருப்புக்கோட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினார். இருக்கிற ஆளுக்கே வேலை இல்லை என்றார்கள். விசைத்தறிகளும் நின்றுகிடந்தன.

ஊரில் நடந்த ஒரே வேலை நூறு நாள் வேலைதான். பிழைப்பிழந்து ஊர் திரும்பியவர்களையும் மனத்தில் வைத்து அந்த வருடம் அரசு அதற்குக் கூடுதலாக நிதி ஒதுக்கியிருந்தது. மனைவி ரஹீமா அவரைக் கேட்காமலே ஊராட்சி அலுவலகத்தில் இரண்டு பேருக்கும் பதிந்துவிட்டு வந்தாள்.

“சவுதிக்காரன் மண்ணு வெட்டுறான்னு ஊரே சிரிக்கும்,” என்றார்.

“சிரிக்கிறவுக சோறு போடப் போறாகளா? நாளைக்கு நான் போறேன். வாரதும் வராததும் ஒங்க இஷ்டம்.”

போனார், துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு. கண்மாயில் வண்டல் வெட்டிக் கரையில் போடுகிற வேலை. பெரும்பாலும் பெண்கள். வருகை எடுத்த முருகலட்சுமி அவர் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டதும் துண்டுக்கு அவசியமில்லாமல் போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. “பாய், மம்பட்டிய அப்படிப் புடிச்சா கை கொப்பளிச்சுப் போகும்,” என்று மட்டும் ஒருத்தி சொன்னாள். கொப்பளிக்கத்தான் செய்தது.

அவர் வெட்டிப் போட, ரஹீமா சட்டியில் சுமந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை பார்த்தது அதுதான் முதல்முறை. லீவில் வந்தபோதெல்லாம் அவர் வீட்டில் விருந்தாளி மாதிரிதான் இருந்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது மத்தியானம் கருவேல நிழலில் உட்கார்ந்து ஒரே தூக்குச்சட்டியிலிருந்து சாப்பிட்டார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது, ஆனால் சொல்லிக்கொள்ளவில்லை. கூலி பாங்கிக்குத் தாமதமாகத்தான் வந்தது. ரேஷன் அரிசியோடு அதையும் வைத்து வீடு ஓடியது.

அடுத்த வருடம் பழைய கம்பெனி கூப்பிட்டது. கிளம்புகிற அன்றைக்கு, “இனி நீ கம்மா வேலைக்குப் போக வேணாம். நான்தான் அனுப்புவேன்ல,” என்றார்.

“அனுப்புங்க, வேணாங்கல. நானும் போவேன்,” என்றாள் ரஹீமா.

அவர் பெட்டியைக் கட்டினார்.

வெள்ளிக்கிழமைகளில் போன் பேசும்போது ரஹீமா கண்மாய்ச் சங்கதிகளைச் சொல்வாள். எந்தப் பக்கம் மண் எடுத்தார்கள், யாருக்கும் யாருக்கும் சண்டை என்பதெல்லாம் வரும். அவருக்கு எல்லா முகமும் தெரியும் என்பதால், ‘யாரு அது?’ என்று குறுக்கே கேட்பதில்லை.