ஜன்னல் பக்கம் திரும்பிப் படம் பார்ப்பவர்

படம் தொடங்கியதும் ஹியூபேட் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறார். அப்படித் திரும்பினால்தான் அவருக்குப் படம் தெரியும். இரண்டு கண்களிலும் நடுப்பார்வை போய்விட்டது. நேரே பார்த்தால் சாம்பல் நிற மறைப்பு. ஓரத்தால் பார்த்தால் ஓரளவு பிடிபடும். தேநீர் ஊற்றும்போதும் கோப்பையை விட்டுக் கதவையே பார்க்கிறார். சிந்துவதில்லை.

கொட்டாஞ்சேனையில் உள்ள அவர் வீட்டுக்கு நான் போவது மனைவி மெற்றில்டாவின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற. முதியோர் பராமரிப்பு என் தொழில்; அவர்களுக்கு நான் ‘மிஸ்ஸி’. கண்ணைப் பற்றி முதலில் சொன்னதும் மெற்றில்டாதான். “கலியாணம் கட்டின நாளில நிமிர்ந்தும் பாக்கேல்ல. இப்பதான் மிஸ்ஸி, கடைக்கண்ணால பாக்கிறார்.”

“சும்மா இரும்,” என்பார் ஹியூபேட்.

கப்பல் கம்பனியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளவத்தையில் ஒரு கடைக்கு மேல்மாடியில் மாதந்தோறும் கூடும் திரைப்பட வட்டத்தில் பேசுவதுதான் இப்போது அவருடைய வேலை. இம்முறை ஒரு கறுப்பு வெள்ளைப் போர்ப் படம்; பேசுவதற்காக அதை வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார். சில சிப்பாய்களும் ஒரு கப்டனும் ஒரு ரயில் நிலையத்தைக் காக்கிறார்கள்.

“குண்டு விழேக்க கமரா ஆடேல்ல, பாருங்கோ. அவங்கள் சூப் குடிக்கேக்கதான் ஆடுது. ஏன்?”

முதல்நாள் அவர் சொன்ன விடை, எடுத்தவனுக்குக் குண்டு பழகிவிட்டது என்பது. அடுத்த நாள் அது பிழையாகிவிட்டது. “சாப்பிடேக்கதான் மிஸ்ஸி அவங்களுக்கு யோசிக்க நேரம். அப்பதான் பயம்.”

காயப்பட்டவனைத் தூக்கும் விதம் சரியில்லை என்றேன். “இது படம், உங்கட முதலுதவிக் கிளாஸ் இல்லை,” என்றார். அவருடைய அக்கறை எல்லாம் பின்வரிசையில் நிற்கும் ஒரு மெலிந்த சிப்பாயிடம். “கப்டன் கத்தேக்க எல்லாரும் அவனைப் பாக்கிறாங்கள். இவன் மட்டும் தன்ர சப்பாத்தைப் பாக்கிறான். ஆர் சொல்லிக் குடுத்தது?” நானும் அதே காட்சியைத்தான் பார்த்தேன். சப்பாத்து என் கண்ணில் படவில்லை.

வட்டத்தின் செயலாளர் கனகசபாபதி, ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். “என்ர கண்ணைப் பற்றி அவருக்கு மூச்சு விடாதேங்கோ மிஸ்ஸி,” என்றார் ஹியூபேட். “தெரிஞ்சா, ‘அண்ணை, நீங்கள் ஆறுதலா இருங்கோ’ எண்டு மரியாதையா மூலையில இருத்திப் போடுவார்.” ஒளிப்பது வைத்தியம் இல்லை என்றேன். கேட்கவில்லை.

போன ஞாயிறு மெற்றில்டாவால் படி ஏற முடியாததால் நான் கூடப் போனேன். மண்டபத்தில் ஹியூபேட் மற்றவர்களைப் போலத் திரையை நேரே பார்த்து உட்கார்ந்திருந்தார். அதாவது, ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து நினைவிலிருந்து பேசினார். சூப், கமரா, சப்பாத்து எல்லாம் ஒழுங்காக வந்தன. கை தட்டினார்கள்.

கனகசபாபதி விடவில்லை. “கப்டன்ர முகத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே அண்ணை. கடைசியில அவன் அழுறானோ, சிரிக்கிறானோ?”

அந்த இடம் வரும்போதெல்லாம் வீட்டில் ஹியூபேட் மெலிந்தவனைத்தான் தேடிக்கொண்டிருப்பார். கப்டனின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், பாதிப்பேர் தலையாட்டியிருப்பார்கள். மருந்து நேரம் என்று சொல்லி அழைத்துப்போக நான் எழுந்தேன். இருக்கும்படி கையைக் காட்டினார்.

“தெரியேல்ல,” என்றார். “நான் அதைக் கவனிக்கேல்ல. அழுறானோ? திரும்ப ஒருக்காப் போடுங்கோ.”

கதிரையை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனார். அதைப் பக்கச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணை, படம் இந்தப் பக்கம்,” என்றார் கனகசபாபதி.

“தெரியும். எனக்கு இப்பிடித்தான் தெரியும்.”

ஹியூபேட் சுவரைப் பார்த்தபடியே கையை உயர்த்தி, லைற்றை அணைக்கும்படி விரலால் சைகை காட்டினார்.