இரண்டு பேருக்கும் ஊற்றிய தண்ணீர்

டாக்டர் கேட்டது என்னை. பதில் சொன்னது அப்பா. தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்து, நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த நான் மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தம்பி மகனுக்குச் சின்னம்மை போட்டிருக்கிறது, நானும் அதே வீட்டில்தான் இருக்கிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த பேனாவை டாக்டரம்மா கீழே வைத்துவிட்டார். "உங்களுக்குச் சின்ன வயசுல இது வந்திருக்கா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், கதவோரம் நின்றிருந்த அப்பா, "வந்துருச்சுங்க டாக்டர். சின்னதுலயே வந்து எறங்கிருச்சு. இனிமே இவளுக்கு வராது" என்றார். நிச்சயந்தானா என்று டாக்டரம்மா மறுபடியும் கேட்டார். சந்தேகம் இருந்தால் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம், வராதவர்களுக்கென்று ஒரு ஊசி இருக்கிறது, திருச்சியில் சொல்லித்தான் வரவழைக்க வேண்டும், அதையும் நாள் கடத்தாமல் போட்டாக வேண்டும் என்று விளக்கினார். அப்பா சிரித்தார். "எம் பிள்ளைக்கு வந்தது எனக்குத் தெரியாதாங்க?" என்றார். நானும் தலையை ஆட்டினேன். எனக்கும் வந்ததாகத்தான் நினைவு.

அப்பா அப்போது மீன் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். மீமிசலில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் பெட்டிகளோடு ஏற்றி, அறந்தாங்கி, புதுக்கோட்டை, அன்னவாசல் என்று வழிநெடுக இறக்கிக்கொண்டே வருவார். வழியில் யார் எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் இருக்கும். எந்த பஸ் எப்போது வரும், எந்த டாக்டர் கைராசிக்காரர், எந்தக் கிணற்றில் தண்ணீர் ஊறும், எதற்கும் பின்வாங்க மாட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டால் மீசையில் பாதி உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி நடந்துகொள்வார். "அப்பாகிட்ட கேக்காத, பதில் சொல்லிருவாரு" என்று தம்பி கேலி பேசுவான். ஆனால் அம்மா எங்கள் சிறுவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்களைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் சொல்வதற்கு அவர் ஒருவர்தான் இருந்தார். பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில் எங்கே கேட்டாலும் அவர் தடுமாறியதில்லை. அம்மா இல்லாத பிள்ளைகள் என்று யாரும் பரிதாபப்பட அவர் இடம் கொடுத்ததே இல்லை.

எனக்கு நான்கைந்து வயது இருக்கும்போது, அம்மா போன மறுவருஷம், எங்கள் வீட்டில் அம்மை போட்டது. எங்கள் பக்கத்தில் வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் அந்த வீட்டுக்குள் கவுச்சி நுழையக்கூடாது. மீன் சமைப்பது இருக்கட்டும், மீன் வாடை அடிக்கிற ஆளே படியேறக்கூடாது. அப்பாவின் மேல் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாடை அது. அதனால் அந்த நாட்கள் முழுக்க அவர் வேனிலேயே படுத்துக்கொண்டார். இளநீரும் நுங்கும் வாங்கித் தெருமுனையில் வைத்துவிட்டுப் போவாராம். எங்களைப் பார்த்துக்கொள்ள நார்த்தாமலைப் பக்கமிருந்து அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, வந்திருந்தாள். கடைசித் தண்ணீர் ஊற்றுகிற அன்றுதான் அப்பா குளித்து முழுகி, புது வேட்டி கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வெயிலில் காய்ந்த தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் மிதக்க, எனக்கும் தம்பிக்கும் மாற்றி மாற்றிச் சித்தி ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணால் கண்டது அதைத்தான். எனக்கும் அந்தத் தண்ணீரின் சூடும், உதட்டில் பட்ட வேப்பிலைக் கசப்பும் நன்றாக நினைவிருக்கிறது.

திருப்பூரிலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்து, அங்கே இருக்க வேண்டாம், கிளம்பி வந்துவிடு என்றார். அவருக்கு அம்மை வந்ததே இல்லை, பேரைக் கேட்டாலே பயம். அப்பா போனை வாங்கி, "ஒரு தடவ வந்த ஒடம்புக்கு மறுபடி வராது மாப்ள. என்னையப் பாருங்க" என்றார். போனில் எதைப் பார்ப்பது. ஆனால் அவர் சொன்னதில் பொய்யில்லை. அப்பாவின் முகம் முழுக்கச் சிறுவயதில் வந்த சின்னம்மைத் தழும்புகள். மீன் வேனுக்கு வருவதற்கு முன் எத்தனையோ பேருக்குப் பக்கத்திலிருந்து பணிவிடை செய்திருக்கிறார், ஒருநாளும் அவரை அது திரும்ப அண்டியதில்லை. இந்தத் தடவையும் பேரனை மடியில் போட்டுக்கொண்டு வேப்பிலையால் தடவிக்கொடுத்தது அவர்தான். பேரனுக்காக வேன் சாவியைக்கூட வேறொருவரிடம் கொடுத்திருந்தார். பிள்ளை தேறி, தண்ணீர் ஊற்றி, வாசல் வேப்பிலையையும் எடுத்தாயிற்று. வீடு கழுவிவிட்ட மாதிரி நிம்மதியாக இருந்தது.

அதற்கப்புறந்தான் எனக்குக் காய்ச்சல் கண்டது. இடுப்பு விட்டுப்போகிற வலி. குளிக்கப் போனபோது வயிற்றின் மேல் நீர் கோத்த ஒரு முத்தைப் பார்த்தேன். பக்கத்தில் இன்னொன்று. அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "வேர்க்குருதான் ஆத்தா. வெயில் காலமில்ல" என்றார். அந்தத் தடவை அவர் குரல் தேய்ந்திருந்தது. என் வயிற்றுக்குள் பிள்ளை புரண்டுகொண்டிருந்தான். அவனை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட வழி இருந்தால் பூட்டியிருப்பேன். மறுநாளே வலி எடுத்து, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஆண் பிள்ளை. அழுத சத்தத்தைக் கேட்டேன், முகத்தைக் காட்டவில்லை. என்னிடமிருந்து தொற்றிவிடக்கூடாது என்று அவனை உடனே வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தாய்க்கு முன்பே அம்மை வந்திருந்தால் அந்த எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்கும் போயிருக்கும், பிரசவத்தையொட்டிப் புதிதாக வந்தால் பிள்ளைக்குக் கவசமே இல்லாமல் போய்விடும் என்று டாக்டரம்மா என் தலைமாட்டில் நின்று சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், மெதுவாகச் சொன்னார். தகவல் கேட்டுத் திருப்பூரிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் அந்த ஊசியைத் தேடித் திருச்சிக்கு ஓடினார். பிள்ளையைத் தூக்க அம்மை வந்த ஆள் யாராவது உண்டா என்று நர்ஸ் கேட்டபோது, அப்பா தன் முகத்தைத்தான் காட்டினாராம். பெற்ற எனக்கும் தகப்பனுக்கும் கிடைக்காத பிள்ளை அவர் கைக்குப் போனான். ஊசி வந்து சேர்ந்தது, போட்டார்கள். இருந்தும் அவன் மேலும் முத்து கண்டது, மூச்சு இரைத்தது. ஆம்புலன்ஸில் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். நான் உடம்பெல்லாம் எரிய, பால் கட்டிய மார்போடு புதுக்கோட்டையில் ஒரு தனி அறையில் கிடந்தேன். யாரைத் திட்டுவது, எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா திருச்சிக்கும் புதுக்கோட்டைக்குமாக அலைந்தார். கண்ணில் பட்ட டாக்டர்களிடமெல்லாம் ஒரே கேள்விதான். "ரெண்டாந்தடவ வருமாங்க?" பெரும்பாலும் வராது, அபூர்வமாகச் சிலருக்கு வருவதுண்டு என்று ஒருவர் சொல்லிவிட்டார். அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வராண்டாவில் நிற்பவர்களிடம், போனில் விசாரிக்கிற சொந்தக்காரர்களிடம், "எம் மகளுக்கு ரெண்டாந்தடவ வந்துருச்சு, எங்கயாச்சும் இப்புடி நடக்குமா?" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்க வந்த சித்தியிடமும் அதையே சொன்னார்.

சித்தி முகத்தைச் சுளித்தாள். "இவளுக்கு எப்ப வந்துச்சு? முத்துப் போட்டது தம்பிக்குத்தான மாமா."

"நாந்தான் பாத்தேனே. ரெண்டு பேருக்கும் தண்ணி ஊத்துனியே."

"வீட்ல இருக்க பிள்ளைக எல்லாத்துக்கும்தான் ஊத்துவோம். இவளுக்கு ஒரு பொட்டுக்கூட இல்ல. நீங்க அப்ப வீட்டுக்குள்ளயே வரலையே."

அப்பா என் பக்கத்தில் வந்தார். என் முகத்தை, கழுத்தை, கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புது முத்துகளுக்கு நடுவே எங்காவது ஒரு பழைய தழும்பு இருக்காதா என்று தேடினார். எத்தனையோ வருஷங்களாகப் பார்த்து வளர்த்த முகத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தேடினார். எதுவும் கிடைக்கவில்லை. துணிப் பையை எடுத்துக்கொண்டு திருச்சி பஸ்ஸுக்குப் போனார். மறுநாள் காலையில் பிள்ளை போய்விட்டான்.

ஊருக்கு வெளியே வாய்க்கால் கரையில் அடக்கம் செய்தார்கள் என்றார்கள். எழுந்து போகிற நிலையில் நான் இல்லை. போனில் எடுத்திருந்த படத்தில் துணியும் குழாயும்தான் தெரிந்தன, பிள்ளை தெரியவில்லை. அதற்கப்புறம் நானும் அப்பாவும் பேசிக்கொள்வது நின்றுபோனது. சண்டை என்று ஒன்றும் இல்லை. சாப்பிட வாங்க, மாத்திரை போட்டாச்சா, அவ்வளவுதான். அவர் அறியாமல் செய்தார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, அவர் வாசலுக்கு வந்தால் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அவரும் மாறிப்போனார். வேனை விட்டுவிட்டார். யார் என்ன கேட்டாலும் "தெரியலையேப்பா" என்கிறார். காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டால்கூட ஒருநிமிஷம் யோசித்துவிட்டு, "தெரியலத்தா" என்கிறார். அந்த மனிதரிடமிருந்து அதைக் கேட்பது அவரை அடித்துப் போட்டுவிட்டுப் பார்ப்பதுபோல் இருக்கும்.

இரண்டாவதாக எனக்குப் பெண் பிறந்தாள். அம்மை வந்திருக்கிறதா என்று அப்போதும் கேட்டார்கள். வந்திருக்கிறது என்று நானே சொன்னேன். இனி எனக்கு வராது, ஆயுசுக்கும் பெரும்பாலும் வராது என்கிறார்கள். அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. மகளுக்குக் காலாகாலத்தில் தடுப்பூசி போட்டுவிட்டேன். போட்ட ஊசியெல்லாம் என் விரல்நுனியில் இருக்கிறது.

இந்தக் கோடை விடுமுறைக்கு மகளோடு ஊருக்கு வந்திருக்கிறேன். அப்பாவை அவள் ஐயா என்று கூப்பிடுவாள். நேற்று அடுப்படியில் நான் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். வாசலில் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, அவர் முகத்துக் குழிகளை விரலால் தொட்டுக்கொண்டிருந்தவள், "ஐயா, எனக்கு ஒரு அண்ணன் இருந்தானாமே, அவன் எப்புடி இருப்பான்?" என்று கேட்டாள். யார் சொன்னார்களோ தெரியாது. என் கையில் கரண்டி நின்றுவிட்டது. தெரியலத்தா என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"ஒங்கம்மா மாதிரிதான் இருப்பான் ஆத்தா" என்றார் அப்பா. "நெத்தியில சுழி. காது மடிஞ்சிருக்கும். என் வெரலப் புடிச்சான்னா விடமாட்டான். கண்ணத் தொறந்து என்னைய நல்லாப் பாத்தான்."

இத்தனை வருஷத்தில் ஒருவரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன்.

"ரொம்ப அழுதானாப்பா?" என்று கேட்டேன்.

"இல்லத்தா. எங்கையில இருந்த வரைக்கும் அழுகவே இல்ல" என்றார். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்.

நான் நம்பினேன்.