இடமாகச் சுற்றிய அருணாதேவி

செங்கம் ரோட்டு விடுதி ஒன்றில் நானும் அருணாதேவியும் சமையல் வேலை பார்க்கிறோம். அவள் புருஷன் கோபியைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. சந்தேகம் முற்றி, சூடான தோசைக்கல்லில் அவள் கையை வைத்து அழுத்திய ஜென்மம் அது.

பௌர்ணமிக்கு மறுநாள் அவளுக்கு லீவு. அரசு பஸ் பிடித்து அணைக்கட்டுக்குப் போவாள். நீருக்கு நடுவே ஒரு தீவு; ஆடு மேய்ப்பவர்களை ஏற்றிப்போகும் பரிசலில் இவளும் ஏறிக்கொள்வாள். தீவின் நடுவில் இருக்கும் சின்னக் குன்றைச் சுற்றி, கொள்ளுக்காட்டிலும் புதரிலுமாகப் பொழுது சாயும்வரை நடப்பாள். யாரும் அதட்டாத, யாரும் அடிக்காத ஒரு நாள். அவன் சந்தேகப்பட்ட கள்ளக்காதல் இவ்வளவுதான்.

போன மாசியில் பரிசல்காரர் இராமலிங்கம் துடுப்பைப் போடாமல் நின்றார்.

"உங்க வூட்டுக்காரருன்னு சொல்லிக்கினு ஒருத்தரு, நீங்க குன்றைச் சுத்தறதை விசாரிச்சுக்கினு முதல் பரிசல்லயே போயிட்டாரும்மா. பையில கொடுவா இருந்துச்சு. திரும்பிப் போயிடுங்க."

"இங்க வெட்டலன்னா வூட்ல வெட்டுவான். நீங்க பரிசலை வுடுங்கண்ணா," என்றாள்.

தீவில் இறங்கியதும் பயத்தில் வாந்தி எடுத்தாள். பிறகுதான் யோசித்தாள். கோபி அடி அண்ணாமலைக்காரன், கிரிவலப் பாதையிலேயே பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மலை என்றால் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். வெளியூர்க் குன்றைக்கூட இடமாகச் சுற்ற மனசு வராது, பாவம் என்போம். அவளும் அதுவரை அப்படித்தான் நடந்திருந்தாள். எந்தப் பக்கமிருந்து வருவாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருந்திருக்காது.

அருணாதேவி செருப்பைக் கழற்றிவிட்டு, குன்றை இடக்கைப் பக்கம் வைத்து நடந்தாள். வழியில் வேலிக்கு நட்டிருந்த கருவேலங்கட்டை ஒன்றைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஒரு பாறை மறைவில், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கொடுவாள் கையில் தயாராக இருந்தது. முதல் அடி அந்தக் கையில். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டதாம். கீழே விழுந்த கொடுவாளை மறு கையால் எடுக்கப் பார்த்தான்; தோளில் போட்டாள். எழப் பார்த்தான், முழங்காலில் போட்டாள். கட்டையின் முள் கிழித்து ரத்தம் அவள் முகத்தில் தெறித்தது. மண்டைக்கு ஓங்கியவள் கையை இறக்கிவிட்டாள்.

"செத்திருந்தா ஜெயிலுக்கு நான்தானே போவணும்? அதுவும் அவனாலயா?" என்று பின்னால் என்னிடம் கேட்டாள். எனக்கென்னவோ அந்த அடியையும் போட்டிருக்கலாம் என்றுதான் தோன்றியது.

கொடுவாளை முந்தானையில் சுற்றிக்கொண்டு பரிசலுக்கு வந்தாள். இராமலிங்கம் அவள் முகத்து ரத்தத்தைப் பார்த்தார்.

"அவரு எங்கம்மா?"

"உயிரோடதான் கெடக்கறான். போலீசுக்குப் போன் போட்டுட்டேன், அவங்க வந்து ஏத்திக்கட்டும்," என்று ஏறி உட்கார்ந்தாள். "நாம போலாம்ணா. அவன் என்கூட ஒரே பரிசல்ல வர வேணாம்."